கோழிப்பண்ணைப் பிள்ளைக்குக் கிராம சபைப் பாடம் எதுக்குங்க?



நீளமான பதிவு. டீயைப் போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். திட்டுவதாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதுகிறவர்களை நான் என்ன செய்வேன் என்று என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் பழைய மாணவர் குரூப்பிலும் ஒரு உதவி கேட்டிருந்தேன். ரிட்டையர் ஆன பிறகு வாரம் இரண்டு நாள் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போய் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் 31 பிள்ளைகள். அதில் 9 பேர் கோழிப்பண்ணையிலும் நூல் மில்லிலும் வேலைக்கு வந்திருக்கிற வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள். இவர்கள் வீட்டு அனுபவத்தையும் சேர்த்துக் குடிமையியல் நடத்தலாம் என்று கொஞ்சம் பாடக் குறிப்பு தயார் செய்கிறேன், ஒடியா, வங்காளம், இந்தி தெரிந்தவர்கள் கை கொடுங்கள் என்றுதான் கேட்டேன். உதவ வந்தவர்கள் இரண்டு பேர். எனக்கே வகுப்பெடுக்க வந்தவர்கள் பதினேழு பேர்.

"அத்தை, தமிழ் எழுதப் படிக்கக் கத்துக் குடுத்தாப் போதாதுங்களா? கோழிப்பண்ணைப் புள்ளைக்குக் கிராம சபை எதுக்குங்க?" என்றான் என் மருமகன். "இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு ரயில் ஏறிருவாங்க. வேலை மெனக்கெட்டு எதுக்கு டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. பண்ணை வைத்திருக்கிற ஒரு மாணவன் மட்டும் மனதில் இருந்ததை அப்படியே சொன்னான்: "நீங்க சட்டம் சொல்லிக் குடுத்தா, நாளைக்கு அவங்கப்பன் எங்கிட்ட வந்து கேள்வி கேப்பானுங்க டீச்சர்."

மூன்று பேருக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. குரூப்பில் எல்லோரும் 'இந்திக்காரப் புள்ளைங்க', 'வடக்கனுங்க' என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். என் வகுப்பில் இருக்கிற ஒன்பது பேரில் நாலு பேருக்கு வீட்டில் ஒடியா. இரண்டு பேருக்கு வங்காளம். ஒருத்திக்கு சந்தாளி. மீதி இரண்டு பேர் பீகார், வீட்டில் போஜ்புரி. பள்ளிக்கூடத்து இந்தி எல்லோருக்குமே இரண்டாம் மொழிதான். சந்தாளிக்கு 'ஒல் சிக்கி' என்று சொந்த எழுத்தே உண்டு. 2003-ஆம் வருஷத்து 92-ஆவது திருத்தத்தில் அது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது. தமிழும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. ஆந்திராக்காரர், கேரளாக்காரர், தமிழர் எல்லோரையும் 'மதராஸி' என்று ஒரே வார்த்தையில் முடித்தபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! அந்தக் கோபத்துக்கு உரிமை வேண்டுமென்றால் அடுத்தவனை 'வடக்கன்' என்று முடிக்கக் கூடாது.

இப்போது பாடத்துக்கு வருகிறேன்.

நம் ஆறாம் வகுப்புக் குடிமையியல் புத்தகம் நல்ல புத்தகம். முதல் பருவத்தில் 'பன்முகத் தன்மையினை அறிவோம்', 'சமத்துவம் பெறுதல்' என்று இரண்டு பாடம். மூன்றாம் பருவத்தில் மக்களாட்சி, உள்ளாட்சி அமைப்பு. குறை புத்தகத்தில் இல்லை, நடத்துகிற முறையில் இருக்கிறது. பன்முகத்தன்மை என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஐந்து மொழி பேசுகிற பிள்ளைகள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்பதில்லை.

உள்ளாட்சிப் பாடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று எழுதிப்போட்டேன். பண்ணை ஷெட்டில் குடியிருக்கிற ஒடிசாப் பெண் ஒருத்தி எழுந்து, தட்டுத் தடுமாறிய தமிழில், "எங்க அப்பா போலாமா டீச்சர்?" என்று கேட்டாள்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை உள்ளூர்ப் பிள்ளை ஒன்றுகூடக் கேட்டதில்லை. அவர்களுக்குக் கேட்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

அரசியலமைப்பின் 243-ஆவது கூறு சொல்கிறபடி, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள்தான் அந்த ஊர்க் கிராம சபை. அவள் அப்பாவின் பெயர் ஒடிசாவில் இருக்கிறது. அங்கே அவர் உறுப்பினர், ஆனால் போக முடியாது. இங்கே எட்டு வருஷமாகக் குடியிருக்கிறார், இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறார், இந்த ஊர் ரோட்டில் நடக்கிறார், ஆனால் உறுப்பினர் இல்லை. சரி, இங்கே பெயர் சேர்க்க முடியுமா? முடியும். 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 'வழக்கமாக வசிப்பவர்' என்றுதான் சொல்கிறது. என்ன மொழி பேசுகிறாய், எந்தச் சாதி, சொந்த வீடா வாடகை வீடா என்று அது கேட்பதில்லை. ஆனால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது. இங்கே வந்தால் அங்கே எடுக்க வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியது அவர்தான், நாமும் இல்லை, பண்ணை முதலாளியும் இல்லை.

அந்த ஒரு கேள்வியை வைத்து மூன்று பீரியட் ஓடியது. குடியுரிமை என்ன, வாக்குரிமை என்ன, வசிப்பிடம் என்ன என்று 31 பிள்ளைகளுக்கும் புரிந்தது. உள்ளூர்ப் பையன் ஒருவன் வீட்டுக்குப் போய், "அப்பா, நீ கிராம சபைக்கு ஒரு தடவையாவது போயிருக்கியா?" என்று கேட்டிருக்கிறான். போனதே இல்லையாம்! இதைத்தான் நான் 'வீட்டு அனுபவத்திலிருந்து பாடம்' என்கிறேன். இதில் யாருடைய குடி கெட்டுப்போனது, சொல்லுங்கள்.

இன்னும் என்னென்ன நடத்துவேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தேசத்துரோகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சாயத்தில் பெண்களுக்குப் பாதி இடம் என்பதை நாம் 2016-இல்தான் சட்டமாக்கினோம். பீகார் 2006-லேயே செய்துவிட்டது, நாட்டிலேயே முதலாவதாக. பீகார்ப் பிள்ளையிடம் "உங்க ஊர் முக்கியா யாரு கண்ணு?" என்று கேட்டால் அவன் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லக்கூடும். ஜார்க்கண்டில் பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்கு 1996-ஆம் வருஷத்துச் சட்டப்படி தனி அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதியே இல்லை என்பதால், நம் கொல்லிமலை, ஏற்காட்டு மக்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இது ஏன் என்று நம் பிள்ளைகள் கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வியை வகுப்புக்குக் கொண்டுவர அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று தேவைப்படுகிறது.

மொழிவழி மாநிலம் என்றால் நாம் 1956-லிருந்து ஆரம்பிக்கிறோம். பொட்டி ஸ்ரீராமுலு 1952-இல் உயிர் விட்டதைச் சொல்கிறோம். ஆனால் மொழி அடிப்படையில் முதலில் தனி மாகாணம் ஆனது ஒடிசா, 1936 ஏப்ரல் 1-ஆம் தேதி. இன்றைக்கும் அந்த நாளை அவர்கள் கொண்டாடுகிறார்கள். எங்கள் மொழி, எங்கள் மண் என்று நமக்கு முன்னால் கேட்டு வாங்கிய ஜனங்களின் பிள்ளைகள் அவர்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நம் பையன் அவளை 'ஏய் இந்தி' என்று கூப்பிடமாட்டான்.

அடுத்தது 'தாதன்'. ஒடிசாவில் முன்பணம் கொடுத்து வெளியூருக்கு ஆள் பிடித்துப் போவதற்கு அந்தப் பெயர். வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொள்கிற வார்த்தை, பிள்ளைகளுக்கும் தெரியும். அதைக் கட்டுப்படுத்த ஒடிசா 1975-லேயே ஒரு சட்டம் போட்டது. 1979-இல் நாடு முழுமைக்கும் மாநிலம் விட்டு மாநிலம் போகிற தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் பெருமூச்சோடு சொல்லப்படுகிற ஒரு வார்த்தையின் பேரில் சட்டசபையில் சட்டமே வந்தது என்று தெரிந்துகொள்வதைவிடப் பெரிய குடிமையியல் என்ன இருக்கிறது?

ரேஷனையும் சொல்வேன். 2020 அக்டோபர் 1 முதல், வேறு மாநிலக் கார்டு வைத்திருப்பவர்கள் மத்திய ஒதுக்கீட்டுத் தானியத்தை இங்குள்ள கடையிலேயே வாங்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தையும் சொல்வேன். டி.சி. வர லேட் ஆகிறது, பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்று காரணம் சொல்லிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம் இது. அந்தப் பெற்றோர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிள்ளை வழியாகத்தான் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இனி உங்கள் ஆட்சேபங்கள்.

"முதல்ல தமிழ் கத்துக்கட்டும்." மருமகனே, நீ சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். தமிழ் கட்டாயம் வேண்டும். 2006-ஆம் வருஷத்துத் தமிழ் கற்றல் சட்டத்தை ஆதரித்தவள் நான். 1968-ஆம் வருஷத்து இருமொழிக் கொள்கையில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. இங்கே வாழ்கிற பிள்ளைக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் கடையிலும் ஊமைதான். அதனால்தான் சொல்கிறேன், அவளுக்குத் தமிழ் சீக்கிரம் வர வேண்டுமென்றால் அவளுக்கு அக்கறையுள்ள விஷயத்தைத் தமிழில் பேசவிடு. 'எங்க அப்பா போலாமா' என்று கேட்டவள், பதிலைப் புரிந்துகொள்ள அந்த வாரம் முழுக்கப் புதுத் தமிழ் வார்த்தைகள் கற்றுக்கொண்டாள். வாக்காளர், உறுப்பினர், தீர்மானம், வசிப்பிடம். அணில், ஆடு, இலை என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டு அப்புறம் உரிமையைப் பற்றிப் பேசலாம் என்றால், பதினொரு வயசுப் பிள்ளைக்கு அந்த 'அப்புறம்' வராது. எட்டாம் வகுப்போடு கல்வி உரிமைச் சட்டமும் முடிந்துவிடுகிறது.

வகுப்பில் ஒடியா வார்த்தை ஒன்றைச் சொன்னால் தமிழுக்கு ஆபத்து என்று எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. இந்தித் திணிப்பு என்பது அதிகாரத்தில் இருப்பவன் மேலிருந்து செய்வது. கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளை தன் அம்மாவின் மொழியில் 'பஞ்சாயத்து' என்று சொல்வது திணிப்பு ஆகாது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்காக அரசியலமைப்பில் 350ஏ என்று ஒரு கூறே இருக்கிறது. மும்பையிலும் பெங்களூருவிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டும் என்று நாம் கேட்பதும் அதை வைத்துத்தான்.

இது நான் கண்டுபிடித்த முறையும் இல்லை. 1995-லேயே அமெரிக்காவில் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்ற பேராசிரியை, கறுப்பினப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பாடம் நடத்திய ஆசிரியர்களைக் கூர்ந்து பார்த்து மூன்று விஷயம் சொன்னார். பிள்ளை படிப்பில் தேற வேண்டும். தன் பண்பாட்டை வாசலில் கழற்றி வைக்காமல் தேற வேண்டும். சுற்றி நடக்கிற அநியாயத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கவும் பழக வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் போதாது. நாம் முதலாவதை மட்டும் அரைகுறையாகச் செய்துவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

"நாளைக்குப் போயிருவாங்க." போகட்டுமே! 19-ஆவது கூறு இந்தியாவில் எங்கும் போகலாம், எங்கும் தங்கி வாழலாம் என்று சொல்கிறது. போகிற இடத்திலும் இதே அரசியலமைப்புதான். நம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத ஊர் உண்டா? சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் மாசக்கணக்கில் வண்டியோடு கிடக்கிற பையன்கள் என்னிடம் படித்தவர்கள்தான். நாமக்கல் லாரி டிரைவர் ஒருவரைப் பாஷை தெரியாத ஊரில், தெரியாத போலீஸ்காரர் நிறுத்தும்போது அவருக்குக் கை கொடுப்பது எது? நானும் இந்த நாட்டுக்காரன், எனக்கும் சட்டம் உண்டு என்ற தெம்புதான். நம் பிள்ளைக்கு வேண்டிய தெம்பு அவர்கள் பிள்ளைக்கு வேண்டாமா?

நம் தாத்தா பாட்டிகளும் ரயில் ஏறினவர்கள், கப்பல் ஏறினவர்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். அதற்கு முன்னால் எல்லாம் ஒரே சேலம் ஜில்லா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. அங்கேயும் முன்பணம்தான். கடன் கணக்கை எழுதிய 'துண்டு'ச் சீட்டோடு ஆளையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். ஒடிசாவின் தாதனும் இந்தத் துண்டும் ஒரே விதையில் முளைத்தவை. மூன்று தலைமுறை உழைத்தவர்களை 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. மறு வருஷம் ஓட்டும் போனது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று ஆட்டு மந்தை மாதிரி பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்து முடிய 2003 ஆகிவிட்டது. 'இவர்கள் வேலைக்கு வந்தவர்கள்தானே, உரிமை எதற்கு' என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இங்கே வந்திருக்கிறவர்கள் அந்நிய நாட்டவர்கூட இல்லை, இந்தியக் குடிமக்கள்.

பண்ணை வைத்திருக்கிற என் மாணவனுக்கு வருகிறேன். நீ மறைக்காமல் பேசினாய், அதனால் நானும் மறைக்காமல் பேசுகிறேன். நீ பயப்படுவது சரிதான் கண்ணு. பிள்ளைக்குச் சட்டம் தெரிந்தால் அப்பன் கேள்வி கேட்பான். கேட்கட்டும். நியாயமான கூலி, உரிய நாளில் கூலி, ஆதார் கார்டை வாங்கிப் பூட்டி வைக்காமல் இருப்பது, இதெல்லாம் சரியாக இருந்தால் உன்னிடம் கேட்க அவனுக்கு என்ன இருக்கும்? ஜோடியாகத்தான் வேலைக்கு எடுக்கிறீர்கள். புருஷனும் பொண்டாட்டியும் ஷெட்டுக்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? பத்து வயசு அக்கா. அவளுடைய பள்ளிக்கூடம் அங்கேதான் நிற்கிறது. மாநிலம் முழுக்கச் சத்துணவில் பிள்ளைகள் தின்கிற முட்டை நம் ஊர்ப் பண்ணைகளிலிருந்து போகிறது என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். அந்த முட்டையைப் பொறுக்கி அடுக்குகிற கைகளின் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு தட்டு இருக்க வேண்டும். தட்டு மட்டும் போதாது, கை தூக்கிக் கேள்வி கேட்க ஒரு இடமும் இருக்க வேண்டும். கேள்வி கேட்காத ஆள்தான் வேண்டும் என்றால் உனக்கு வேண்டியது தொழிலாளி இல்லை. வேறு வார்த்தை இருக்கிறது, 1976-இல் ஒழித்த வார்த்தை. கொத்தடிமை. உன்னை அப்படிச் சொல்லவில்லை. உன் வாதம் எந்த ஊருக்குப் போகிற பஸ் என்று போர்டைக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

கடைசியாக, இந்தப் பாடம் அந்த ஒன்பது பேருக்காக மட்டும் இல்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பொய்யை நம்பியதற்கும் நம்மவர்கள் அவர்களைப் பற்றிய பொய்யை நம்புவதற்கும் காரணம் ஒன்றுதான். ஒருவரை ஒருவர் தெரியாது. ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே கேள்வியை விவாதித்த பிள்ளைகளிடம் அந்த வீடியோ வேலை செய்யாது.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. கனடாவில் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று 2016-இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டபோது குரூப்பே அதிர்ந்தது. பேரன் பள்ளிக்கூடத்தில் பொங்கல் வைத்தார்கள், டீச்சர் அவன் பெயரைச் சரியாக உச்சரித்தார் என்று போட்டோவுக்கு மேல் போட்டோ போட்டீர்கள். நானும் எல்லாவற்றுக்கும் ஹார்ட் போட்டேன். டொரண்டோவில் நம் பேரனுக்குக் கிடைப்பது நாகரிகம், நாமக்கல்லில் ஒடிசாப் பேத்திக்குக் கேட்டால் 'வேலை மெனக்கெட்ட வேலை' என்றால், இது என்ன நியாயமுங்க?

பேசினது போதும். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஆசிரியராக இருக்கிற என் மாணவர்கள்: உள்ளாட்சிப் பாடம் வரும்போது உங்கள் வகுப்பில் இருக்கிற வெளிமாநிலப் பிள்ளைகளிடம் அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றிக் கேளுங்கள். பெயரைச் சரியாகக் கூப்பிடுங்கள். செலவு ஒரு பைசா கிடையாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறவர்கள்: சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சாரப்படி இடம். 31 பேரில் 9 பேர் என்றால் அந்த வீட்டுத் தாய்மார்களில் ஒருவராவது நாற்காலியில் உட்கார வேண்டும். தமிழ் வராது என்று தட்டிக் கழிக்காதீர்கள். அவர் மகள் மொழிபெயர்ப்பாள். அதுவும் பாடம்தான்.

பண்ணை, மில், தறிப்பட்டறை, சேகோ ஃபேக்டரி வைத்திருக்கிறவர்கள்: ஜூன் மாதம் உங்கள் குவார்ட்டர்ஸில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை என்று எண்ணிப் பாருங்கள். ஹெச்.எம்.முக்கு ஒரு போன் போடுங்கள்.

குரூப்பில் சும்மா இருந்த மற்றவர்கள்: ஒடியா, வங்காளம், சந்தாளி தெரிந்த யாரையாவது எனக்குக் காட்டுங்கள். வார்த்தைப் பட்டியல் ஒன்று தயார் செய்ய வேண்டும். முதல் வார்த்தை 'உரிமை'.

மருமகனே, கோபித்துக்கொள்ளாதே. அடுத்த வியாழக்கிழமை வகுப்புக்கு வா, 'சமத்துவம் பெறுதல்' நடத்துகிறேன். கடைசி பெஞ்சில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்